பிரேக் போட்டாச்சு... கார் நிக்கலை!

பனி என்றால் தமிழ் சினிமா நமக்குக் கற்றுக் கொடுத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். ஹீரோ ஸ்வெட்டர், மஃப்ளர், கையுறை சகிதம் நிற்பார். ஹீரோயின் மட்டும் பாவம், சிஃபான் புடவையில் சறுக்கிக்கொண்டு வருவார். இருவரும் கட்டிப் பிடித்தபடி சரிவில் நாலு உருளு உருண்டு, சிரித்துக்கொண்டே எழுந்து அடுத்த சரணத்துக்கு ரெடியாகி விடுவார்கள். அத்தனை உயரத்துக்கு யூனிட் வேனை ஓட்டிக்கொண்டு வந்தாரே ஒரு டிரைவர், அவர் முகத்தை எந்த டைரக்டரும் குளோஸப்பில் காட்டியதில்லை. காட்டியிருந்தால் டூயட் பார்க்கிற மூடே போயிருக்கும்.

நான் அந்த டிரைவர் கட்சி. டொரன்டோவில் பத்தொன்பது குளிர்காலம் கார் ஓட்டியவன்.

நம் பாஷையில் புல் நுனியில் நிற்பதும் பனி, மார்கழி விடியலில் மூடுவதும் பனி, ஆகாயத்திலிருந்து பஞ்சு பஞ்சாய்க் கொட்டுவதும் பனி. இங்கே அது கட்டுப்படியாகாது. ஸ்னோ வேறு, ஐஸ் வேறு. ஸ்னோ நேர்மையான எதிரி. வெள்ளையாக, கண்ணுக்குத் தெரியும்படி வந்து நிற்கும். ஐஸ் அப்படியில்லை. அதிலும் 'பிளாக் ஐஸ்' என்று ஒன்று உண்டு. பெயர்தான் கறுப்பு, ஆள் கண்ணாடி மாதிரி. ரோடு லேசாக நனைந்திருக்கிறாற் போல் இருக்கும், அவ்வளவுதான். முன்னால் போகிற காரின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரோடு ஈரமாகத் தெரிகிறது, ஆனால் தெறிக்கவில்லை என்றால் அது ஈரம் இல்லை, ஐஸ்! பாலங்களில் இது முதலில் உட்காரும். ரோட்டுக்கு அடியில் பூமியின் சூடு கொஞ்சம் இருக்கும். பாலத்துக்கு அடியிலும் குளிர் காற்றுதானே!

2022 அக்டோபரில் என் அக்கா பையன் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வந்த ஐந்தாவது வாரமே செகண்ட் ஹாண்டில் ஒரு எஸ்.யூ.வி. வாங்கிவிட்டான். பெரிய கார். பின்பக்கம் 'ஏ.டபிள்யூ.டி.' என்று வெள்ளியில் எழுத்து. நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் வண்டி.

"விண்டர் டயர் போட்டுடுடா" என்றேன்.

"எவ்வளவு மாமா ஆகும்?"

"ரிம்மோட சேர்த்து ஆயிரம், ஆயிரத்து நூறு டாலர் வரும்."

பையன் மனசுக்குள் அறுபதால் பெருக்குவது முகத்தில் தெரிந்தது. வந்த புதிதில் எல்லோரும் பெருக்குவோம். காபி குடித்தால்கூடப் பெருக்குவோம். அவனைக் குறை சொல்லவில்லை. முதல் மாச வாடகை, கடைசி மாச வாடகை இரண்டையும் முன்பணமாகக் கட்டியிருந்தான். ஊரில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் பாக்கி. ஜனவரியில் அவன் மனைவியும் இரண்டு வயசுக் குழந்தையும் வரப்போகிறார்கள்; மூன்று பேருக்குக் கனத்த கோட்டு, பூட்ஸ் வாங்க வேண்டும்.

"எதுக்கு மாமா? அதான் நாலு வீல் டிரைவ் ஆச்சே!"

இந்த வாக்கியத்தை நான் இங்கே எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் தெரியுமா? புதிதாக வருகிறவர்கள் மட்டுமில்லை, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் சொல்வார்கள். நாலு சக்கரமும் தள்ளினால் வண்டி ஸ்னோவில் சிக்காமல் கிளம்பும், வாஸ்தவம். சிக்னல் பச்சை ஆனதும் மற்றவர்கள் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்க, நாம் மட்டும் ஜம்மென்று போகலாம். ஆனால் நிற்பதற்கு? உலகத்தில் ஓடுகிற எல்லா மோட்டார் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. அந்த விஷயத்தில் வெள்ளி எழுத்துக் காருக்கும் மற்ற கார்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. வித்தியாசம் ஒன்றுதான்: எஸ்.யூ.வி.க்காரன் ஈஸியாகக் கிளம்புகிறானா... ரோடு நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவான்!

"நம்ம ஊர்ல நான் பத்து வருஷம் ஓட்டியிருக்கேன் மாமா. மவுண்ட் ரோடு, கிண்டி, ஓ.எம்.ஆர். எல்லாம்!"

சென்னை டிராஃபிக்கில் ஓட்டியவன் எங்கேயும் ஓட்டுவான் என்பது உண்மைதான். மாடு, ஆட்டோ, தண்ணி லாரி எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்துப் பழகியவன். ஆனால் அந்த வித்தை முழுக்க ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. பிரேக்கை அழுத்தினால் நிற்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பும் என்ற நம்பிக்கை. ஐஸ் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஆபீஸ் போகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். டயரின் பிடிப்பு என்பது மாசச் சம்பளம் மாதிரி. அந்தத் தொகைக்குள்தான் மளிகை, வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம். காரில் மூன்றே செலவு: வேகம் எடுப்பது, பிரேக் போடுவது, திரும்புவது. காய்ந்த தார் ரோட்டில் சம்பளம் எழுபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கு முப்பது, திரும்புவதற்கு இருபது என்று தாராளமாகச் செலவழிக்கலாம், மிச்சமும் இருக்கும். ஐஸ் மேல் சம்பளம் பத்து ரூபாய். பத்தையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் ஸ்டியரிங்குக்குப் பைசா கிடையாது. நீங்கள் இடது பக்கம் திருப்புவீர்கள். முன் சக்கரங்களும் சமர்த்தாக இடது பக்கம் திரும்பும். கார் மட்டும் நேராகப் போய்க்கொண்டே இருக்கும்! பார்க்க வேடிக்கை. உள்ளே இருக்கிறவனுக்கு இல்லை.

இந்த எழுபதும் பத்தும் நான் சும்மா எடுத்துவிட்டதில்லை. ப்ளஸ் ஒன் ஃபிஸிக்ஸில் உராய்வுக் குணகம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். காய்ந்த ரோட்டில் சுமார் 0.7. அமுங்கிய ஸ்னோவில் 0.2 வாக்கில். ஐஸில் 0.1, சில சமயம் அதற்கும் கீழே. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற கார் பிரேக் பிடித்தபின் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஒரு நாள் பையனையே கணக்குப் போடச் சொன்னேன். காய்ந்த ரோட்டில் 14 மீட்டர். கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 20 மீட்டர் என்றால், பௌலர் முனையில் பிரேக் போட்டால் பாட்ஸ்மேனைத் தொடாமல் நின்றுவிடும். அமுங்கிய ஸ்னோவில் 49 மீட்டர். இரண்டரை பிட்ச். ஐஸில் 98 மீட்டர். பாட்ஸ்மேன், விக்கெட் கீப்பர், ஸ்லிப், அதற்குப் பின்னால் இருக்கிற பௌண்டரி லைன் எல்லாம் தாண்டி கேலரிக்குள்! இதில் நாம் ஆபத்தைப் பார்த்து, திடுக்கிட்டு, காலைத் தூக்கி பிரேக்கில் வைக்கிற நேரத்துக்கு இன்னொரு 20 மீட்டர் தனி.

"சரி மாமா, விண்டர் டயர் போட்டா ஐஸ் தார் ரோடாயிடுமா?"

ஆகாது. பத்து ரூபாய் சம்பளக்காரனுக்கு மூன்று ரூபாய் இன்க்ரிமென்ட் கிடைத்தது என்று வையுங்கள். 0.10 என்பது 0.13 ஆகிறது. பார்க்க அல்பம். ஆனால் 98 மீட்டர் 76 ஆகிவிடும். ஒரு பிட்ச்சுக்கு மேல் லாபம். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். பதிமூன்று ரூபாய்க்காரன் எந்த இடத்தில் பூராவும் நின்றுவிட்டானோ, அதே இடத்தைப் பத்து ரூபாய்க்காரன் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போய்க்கொண்டிருப்பான். அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது வேண்டாம், வைத்துக்கொள்ள வேண்டாம்.

ரப்பருக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் தேங்காயெண்ணெய் பாட்டில் இருக்கிறதல்லவா? மே மாதம் தண்ணி மாதிரி ஊற்றும். டிசம்பரில் வெள்ளையாய் உறைந்து, குச்சியை விட்டுக் குடைய வேண்டும். அதே எண்ணெய்தான். 24 டிகிரிக்குக் கீழே அதன் குணம் மாறிவிடுகிறது. டயர் ரப்பரும் அப்படித்தான், உறைவதில்லையே தவிர, விறைத்துப்போகும். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் மெல்ல மெல்லக் கெட்டிப்படும் என்பது டயர்க்காரர்கள் வைத்திருக்கிற பொதுக் கணக்கு. மைனஸ் பத்தில் அது ரப்பர் இல்லை, ரப்பர் மாதிரி இருக்கிற பலகை. ரோட்டின் மேடு பள்ளத்தில் அழுந்திப் பிடித்துக்கொள்ளாது. குளிர்கால டயரில் சிலிகா கலந்த வேறு பக்குவம். மைனஸ் இருபதிலும் இட்லி மாதிரி மெத்தென்று இருக்கும்.

அது முதல் விஷயம். அடுத்தது, டயரின் முகத்தில் பிளேடால் கீறினாற்போல் நூற்றுக்கணக்கில் மெல்லிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் ஐஸைப் பிறாண்டும். பெரிய பள்ளங்களின் வேலை வேறு. அவை ஸ்னோவை அள்ளி அமுக்கி வைத்துக்கொள்ளும். டயரிலேயே ஸ்னோ ஒட்டிக்கொண்டால் வழுக்காதா என்றால், வழுக்காது. ஸ்னோவை ஸ்னோ பிடித்துக்கொள்ளும். கொழுக்கட்டை பிடிக்கும்போது மாவோடு மாவு ஒட்டுகிறதே, அந்த மாதிரி.

ஐஸ் எந்தக் குளிரில் அதிகம் வழுக்கும்? மைனஸ் இருபத்தைந்தில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தப்பு! ஐஸின் மேல்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரப் படலம் ஒன்று இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1850-லேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். பூஜ்யத்தை நெருங்க நெருங்க இந்தப் படலம் கனக்கும், வழுக்கலும் கூடும். நல்ல கடுங்குளிரில் ஸ்னோ காலடியில் 'கறுக் கறுக்' என்று சத்தம் போடும். அப்போது ஓரளவு பிடிப்பு இருக்கும். பூஜ்யம், மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு... இந்த 'அப்படியொன்றும் குளிரில்லையே' நாட்கள்தான் ஆளைச் சாய்க்கிறவை. கடுங்குளிருக்கும் ஒரு தொல்லை உண்டு. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் ரோட்டில் தூவுகிற சாதாரண உப்பு மந்தமாகிவிடும். ஆக எந்தப் பக்கம் போனாலும் நிம்மதி இல்லை.

"என் டயர்ல 'ஆல் சீசன்'னு போட்டிருக்கே மாமா?"

போட்டிருக்கும். குற்றாலத்தில் 'சீசன் ஆரம்பிச்சாச்சு' என்பார்களே, அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கோடை, மழை, இலையுதிர் காலம் மூன்றுக்கும் சரி. கனடா ஜனவரிக்கு இல்லை. டயரின் பக்கவாட்டில் 'எம் பிளஸ் எஸ்' என்று இருந்தால் சேறுக்கும் ஸ்னோவுக்கும் ஏற்றது என்று அர்த்தமாம். ஆனால் அந்த எழுத்துக்கு டயரின் பள்ளங்கள் குறிப்பிட்ட வடிவில் இருந்தால் போதும். ஸ்னோவில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நேர்முகத் தேர்வு வைக்காமல் பயோடேட்டாவை மட்டும் பார்த்து வேலை கொடுப்பது மாதிரி. 1999-ல் இன்னொரு சின்னம் கொண்டுவந்தார்கள். மூன்று சிகரம் கொண்ட மலை, நடுவே பனிப்பூ. அது ஸ்னோவில் உண்மையாகவே சோதித்துப் பார்த்து, தேறினால்தான் குத்துகிற முத்திரை. அதிலும் ஒரு சூட்சுமம்: அந்தச் சோதனை ஸ்னோவில் எப்படிக் கிளம்புகிறது என்பதற்குத்தான், ஐஸில் எப்படி நிற்கிறது என்பதற்கு இல்லை. வருஷம் பூரா கழற்றாமல் ஓட்டக்கூடிய 'ஆல் வெதர்' டயர்களிலும் இந்த மலை முத்திரை உண்டு. அபார்ட்மென்ட்டில் இன்னொரு செட் டயர் வைக்க இடமில்லாதவர்களுக்கு அது பரவாயில்லை. ஆனாலும் ஐஸ் என்று வந்துவிட்டால் நிஜமான குளிர்கால டயருக்குத்தான் என் ஓட்டு.

இந்த டயர் எங்கே பிறந்தது தெரியுமா? பின்லாந்தில். 1934-ல் லாரிக்கு, 1936-ல் காருக்கு. நோக்கியா என்ற ஊரின் ரப்பர் கம்பெனி. ஆமாம், நம் பாக்கெட்டில் பாம்பு விளையாட்டு காட்டியதே, அதே நோக்கியா குடும்பம்தான்! அந்தக் காலத்தில் ரப்பர் பூட்ஸ், டயர், கேபிள் எல்லாம் செய்தார்கள். 1988-ல் டயர் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. போனைப் பிற்பாடு ஐபோன் வந்து சாய்த்தது. டயர் இன்றைக்கும் உருண்டுகொண்டிருக்கிறது.

டயரில் இரும்பு ஆணி பதிக்கிற வழக்கமும் உண்டு. ஐஸில் பிரமாதமாகக் கடிக்கும். ஐஸ் இல்லாத இடத்தில் ரோட்டைக் கடிக்கும்! ஜப்பானில் இப்படி ஆணி டயர்கள் ரோட்டைச் சுரண்டி, குளிர்கால நகரங்களில் தூசி கிளம்பி, ஜனங்கள் இருமி, கடைசியில் 1990-ல் அதற்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆணி இல்லாமல் ஐஸில் நிற்க என்ன வழி என்று அங்கே மூளையைக் கசக்கியதில் வந்ததுதான் 1988-ல் பிரிட்ஜ்ஸ்டோன் விட்ட 'பிளிஸாக்'. ரப்பருக்குள் ஸ்பாஞ்ச் மாதிரி நுண்ணிய துளைகள். ஐஸின் மேல் இருக்கிற ஈரப் படலத்தை உறிஞ்சிவிடும். டொரன்டோ இருக்கிற தெற்கு ஒன்டாரியோவில் ஆணி டயருக்கு அனுமதி இல்லை. வடக்கே உண்டு.

இத்தனையும் சொன்னேன். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டம் கட்டாயப்படுத்துதா மாமா?" என்றான். நம்மவர்களின் கடைசி அஸ்திரம்! பக்கத்து மாகாணமான கியூபெக்கில் கட்டாயம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் வண்டி எடுத்தால் 200 முதல் 300 டாலர் அபராதம். 2008-லிருந்து இருக்கிற சட்டம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. 2016 ஜனவரியிலிருந்து, குளிர்கால டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தந்தாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த மாகாணத்தில் வேறொரு விதி இருக்கிறது. முன்னால் போகிற காரைப் பின்னாலிருந்து இடித்தால் தப்பு நூறு சதவிகிதம் இடித்தவன் மேல். 'ஸ்னோ சார், வழுக்கிடுச்சு சார்' என்றால் எடுபடாது. வானிலை, ரோட்டு நிலைமை எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கியவனுக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியமே யானை விலை. ஒரு இடி இடித்தால் யானையோடு அம்பாரியும் சேர்ந்து வரும்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம் மாமா" என்றான். அவன் காசு, அவன் கார். அதற்குமேல் என்ன சொல்ல!

டிசம்பரில் ஒரு நாள் காலை எட்டே முக்காலுக்கு போன் வந்தது.

"மாமா..."

"என்னடா?"

"பிரேக் போட்டேன் மாமா. நிக்கலை."

குரல் அவனுடையதாகவே இல்லை. முதல் நாள் ராத்திரி மழைத் தூறல். விடிகாலையில் மைனஸ் ஒன்று. ஒரு ஸ்கூல் வாசல். நடு ரோட்டில் 'ஸ்டாப்' பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள், பின்னால் புத்தகப் பையோடு இரண்டு குழந்தைகள். இவன் வேகம் 40. ஸ்கூல் பக்கத்தில் போட்டிருக்கிற வேக எல்லையும் அதே 40. நாற்பது மீட்டருக்கு முன்னாலேயே பிரேக் போட்டிருக்கிறான். ஏ.பி.எஸ். கால் கீழே கடகடவென்று அடிக்கிறது. வண்டி பாட்டுக்குப் போகிறது. அந்த அம்மாள் இவன் முகத்தைப் பார்த்தாளாம். பலகையைத் தூக்கியபடியே, இன்னொரு கையால் குழந்தைகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு இரண்டடி பின்வாங்கியிருக்கிறாள். இவன் பிரேக்கைச் சற்றே தளர்த்தி ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க, வண்டி நடைபாதை ஓரத்து ஸ்னோ குவியலில் ஏறி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு ரிம் கோணல்.

"அந்தப் பாட்டி திட்டினாங்களாடா?"

"ஒண்ணும் சொல்லலை மாமா. பசங்களைக் கூட்டிட்டு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பி வந்து, 'நீ சரியா இருக்கியா'ன்னு கேட்டாங்க."

அவனைத் தூங்கவிடாமல் பண்ணியது அந்தக் கேள்விதான் என்று பிற்பாடு சொன்னான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 40 கிலோமீட்டர் வேகம், ஐஸ், 0.1 என்று போட்டால் நிற்க 63 மீட்டர் வேண்டும். குளிர்கால டயர் போட்டு 0.13 ஆகியிருந்தாலும் 48 மீட்டர்! நாற்பதுக்குள் நின்றிருக்காது. அதே டயரோடு 30-ல் வந்திருந்தால் 27 மீட்டரில் நின்றிருக்கும். போர்டில் இருக்கிற 40 ஜூலை மாதத்துக்கும் சேர்த்து எழுதியது. டயரும் வேண்டும், காலும் அடங்க வேண்டும். டயரை மட்டும் மாட்டிவிட்டு ராக்கெட் விடுகிறவர்களை 401 நெடுஞ்சாலையின் பள்ளங்களில் ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கலாம், தலைகீழாக.

அன்றைக்கே லீவு போட்டுவிட்டு இருவரும் ஸ்கார்பரோவில் நான் வழக்கமாகப் போகிற டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்தெட்டு வருஷமாக இதே தொழில். கடை முழுக்க டயர் வாசனை, நடுவில் சின்ன டி.வி.யில் தமிழ் சீரியல். பையன் கடைசி முயற்சியாக, "அண்ணா, முன்னாடி ரெண்டு மட்டும் போட்டா போதுமா? பாதி விலையில முடிஞ்சிடுமே" என்றான்.

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, ரெண்டு ரயர்தான் வேணும் எண்டால் வேற கடைக்குப் போங்கோ. முன்னுக்குப் பிடிக்கும், பின்னுக்கு வழுக்கும். வளைவிலை பிரேக் அடிச்சீங்கள் எண்டால் உங்கட பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும். அதுக்குப் பழைய நாலு ரயரோடயே ஓடலாம்."

இதைவிடச் சுருக்கமாக எந்த எஞ்சினீயரும் சொல்ல முடியாது.

அடுத்து அகலம். பையனுக்கு ஆசை அகல டயர் மேல். "அகலமானது வடிவா இருக்கும்" என்று ஒப்புக்கொண்டார் (அவர்கள் பாஷையில் வடிவு என்றால் அழகு). "ஆனா ஸ்னோவுக்கு ஒடுக்கமானதுதான் நல்லது. அது கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு கீழ போய் ரோட்டைத் தொடும். அகலமானது மேல மிதக்கும்." காரின் கையேடு அனுமதிக்கிற அளவுகளில் ஒரு இஞ்ச் சின்ன ரிம், கொஞ்சம் ஒடுங்கிய டயர் என்று எடுத்தோம். சின்ன ரிம் என்றால் டயர் விலையும் குறைவு. இரும்பு ரிம்மாகவே வாங்கினோம். அழகில்லைதான். ஆனால் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரிம்மிலிருந்து டயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுகிற கூலியும் மிச்சம், டயரின் விளிம்பும் பிழைக்கும்.

டயர் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய இன்னொன்று, பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கிற வரிசையின் கடைசி நாலு எண். எங்கள் டயரில் 2822 என்று இருந்தது. 2022-ம் வருஷம் 28-வது வாரம் செய்தது. ரவா பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம், டயரில் பார்ப்பதில்லை! பழைய ரப்பர் ஓடாவிட்டாலும் கெட்டிப்பட்டுக்கொண்டே இருக்கும். செகண்ட் ஹாண்டில் மலிவாக வருகிற குளிர்கால டயர்களில் இது முக்கியம். பள்ளத்தின் ஆழமும் பார்க்க வேண்டும். கியூபெக் சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் போதும், ஸ்னோவுக்குப் போதாது. ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் அது பென்ஷன் வாங்க வேண்டிய டயர்.

காற்றும் அப்படித்தான். ஐந்தாறு டிகிரி குளிர் கூடினால் ஒரு பவுண்டு அழுத்தம் தானாகக் குறையும். செப்டம்பரில் 25 டிகிரியில் அடித்த காற்று மைனஸ் பத்தில் ஆறு பவுண்டு இறங்கியிருக்கும். டயர் பஞ்சர் என்று நினைத்து டயர் கடைக்கு ஓடுகிறவர்கள் முதல் குளிரன்று க்யூவில் நிற்பார்கள்.

"நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு ஒருக்கா வாங்கோ, நட்டை இறுக்கித் தாறன்" என்று அனுப்பினார். மொத்தம் ஆயிரத்து நூறு டாலர் சொச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல ஸ்னோ. ஆள் நடமாட்டமில்லாத பெரிய பார்க்கிங் லாட் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். நடுவில் ஒரு காலி அட்டைப் பெட்டி. முப்பதில் வந்து, நான் கை காட்டும் இடத்தில் பிரேக். ஏ.பி.எஸ். கடகடத்தால் பயந்து காலை எடுக்காதே, அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பு, அதற்காகத்தான் ஏ.பி.எஸ். தூரத்தை மிச்சம் பிடிப்பதைவிட, திரும்புவதற்குக் கொஞ்சம் சில்லறை ஒதுக்கி வைப்பதுதான் அதன் வேலை. நாலாவது தடவை பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனான். முன்பக்கம் திரும்ப மறுத்து நேராக ஓடினால், இன்னும் இன்னும் திருப்பாதே. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுக் காத்திரு, பிடிப்பு வரும். பின்பக்கம் விலகி ஓடினால் எங்கே போக வேண்டுமோ அங்கே பார். இடிக்கப் போகிற கம்பத்தைப் பார்த்தால் கை உன்னைக் கம்பத்துக்குத்தான் கூட்டிப் போகும். இது புத்தகத்தில் படித்து வருவதில்லை. சைக்கிள் மாதிரி உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். பெட்டி மூன்று முறை செத்துப் பிழைத்தது.

ஜனவரியில் அவன் மனைவியும் குழந்தையும் வந்து இறங்கினார்கள். ஏர்போர்ட்டிலிருந்து அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் ஸ்னோ. வழக்கமாக அரை மணியில் வருகிற தூரத்துக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. பின்னால் வந்த ஒருவன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தானாம். "அடிக்கட்டும்னு விட்டுட்டேன் மாமா" என்றான்.

அன்றைக்கு ராத்திரி அக்காவுக்கு வீடியோ கால். கண் ஆபரேஷனை இரண்டு மாசம் தள்ளி வைத்ததில் அக்காவுக்குச் சின்ன வருத்தம். டாக்டர் அவசரமில்லை என்றுதான் சொல்லியிருந்தார். இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"ஏண்டா, டயருக்கு அறுபத்தாறாயிரமா? கார் விக்கறப்பவே டயர் போட்டுத்தானே குடுப்பான்?"

"அது வெயில் காலத்துக்கும்மா. இது குளிர் காலத்துக்கு."

"அப்ப அந்தப் பழைய நாலு டயர் எங்கே?"

"மாமா வீட்டு காரேஜ்ல பத்திரமா இருக்கு."

அக்கா ஒரு நிமிஷம் பேசவில்லை.

"அதானே பார்த்தேன்!" என்றாள்.